ஹோமரை மனப்பாடம் செய்த ஊர்

பிளேட்டோ கவிஞர்களை நாடு கடத்தச் சொன்னவர் என்பது இலக்கிய மேடைகளில் அடிக்கடி காதில் விழும் செய்தி. கேட்டதும் கவிதைப் பிரியர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கவிதை என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள், 'அந்தக் காலத்திலேயே ஒருவர் சொல்லிவிட்டார் பாருங்கள்' என்று தெம்படைவார்கள். அவர் எந்தக் கவிதையை மனத்தில் வைத்துச் சொன்னார், அந்தப் பேச்சு எதிலிருந்து கிளம்பியது என்று இரு தரப்பும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால், கவிதைமேல் தத்துவம் தொடுத்த வழக்கு என்று நாம் நினைத்திருந்தது பெரும்பாலும் ஒரு பாடத்திட்டத்தின்மேல் தொடுத்த வழக்கு என்பது புலப்படும்.

நூலின் பெயர் 'குடியரசு'. கி.மு. 375ஐ ஒட்டி எழுதப்பட்டது; பத்துப் பகுதிகள் கொண்டது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் நடந்த ஒரு திருவிழாவைப் பார்க்கப் போன சாக்ரடீஸை, தெரிந்தவர்கள் மறித்து வீட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைக்கிறார்கள். நீதி என்றால் என்ன என்று பேச்சு எழுகிறது. விடை தேடுவதற்காகப் பேச்சிலேயே ஒரு நகரத்தைக் கட்டுகிறார்கள். நகரத்துக்குக் காவலர்கள் வேண்டும். அவர்கள் பகைவரிடம் சீறவேண்டும், சொந்த மக்களிடம் சாந்தமாக இருக்கவேண்டும். அப்படிப்பட்டவர்களை எப்படி வளர்ப்பது? உடம்புக்குப் பயிற்சி; மனத்துக்கு இசையும் கதையும் பாட்டும். சரி, சின்ன வயதில் அவர்களுக்கு எந்தக் கதையைச் சொல்வது? இந்தக் கேள்வியின் வழியாகத்தான் கவிதை நூலுக்குள் வருகிறது.

அன்றைய ஏதென்ஸில் கவிதை என்ன வேலை பார்த்தது என்பது தெரியாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. வசதியுள்ள வீட்டுப் பையன் மூன்று ஆசிரியர்களிடம் போவான். ஒருவர் எழுத்தும் வாசிப்பும் சொல்லித்தருவார், ஒருவர் யாழ் வாசிக்கவும் பாடவும், ஒருவர் மல்யுத்தமும் உடற்பயிற்சியும். எழுத்துக் கற்றதும் கையில் வருவது ஹோமர். அதை வாசித்தால் போதாது, நெட்டுருப் போடவேண்டும். செனஃபன் எழுதிய 'விருந்து' என்ற நூலில் நிசெரட்டஸ் என்பவர், தன் தந்தை நிக்கியாஸ் தன்னை நல்ல மனிதனாக்கவேண்டும் என்பதற்காக ஹோமரை முழுக்க மனப்பாடம் செய்யவைத்ததாகவும், இலியட்டையும் ஒடிஸியையும் இன்றைக்கும் முழுதாகச் சொல்லமுடியும் என்றும் சொல்கிறார். இலியட் 15,000 அடிகளுக்கு மேல், ஒடிஸி 12,000 அடிகளுக்கு மேல். நிக்கியாஸ் ஏதென்ஸின் பெரிய தளபதி. தன் மகன் இலக்கியப் பேராசிரியராகவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. நல்ல மனிதனாவதற்கான வழி ஹோமர் என்றே அவர் நம்பினார். ஊரும் அப்படித்தான் நம்பியது.

பள்ளி முடிந்தாலும் ஹோமர் முடியமாட்டார். பானத்தீனியத் திருவிழாவில் அவர் காவியங்களை ஓதுவதற்கென்றே தொழில்முறைப் பாடகர்கள் போட்டிபோடுவார்கள். டயோனிசஸ் விழாவில் அதே வீரர்களின் குடும்பக் கதைகள் துன்பியல் நாடகங்களாக ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நடிக்கப்படும். பிளேட்டோவின் 'ஐயோன்' உரையாடலில் வரும் பாடகர், ஹோமரை நன்றாகக் கற்றிருப்பதால் தனக்குப் படை நடத்தவும் தெரியும் என்று சாதிக்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் எரிக் ஹேவ்லாக் 1963இல் வெளியிட்ட ஆய்வில் சுட்டிக்காட்டியதுபோல, எழுத்து இன்னும் வேரூன்றாத ஒரு சமூகத்தில் சட்டம், சடங்கு, நடத்தை, போர்முறை எல்லாவற்றையும் சேமித்துவைத்த கிடங்கு யாப்பில்தான் இருந்தது. ஐயோன் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அப்பாவித்தனமாக வெளியே சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை நீதிமன்றத்து வாசல்வரை வந்ததையும் பிளேட்டோ எழுதியிருக்கிறார். யூதிஃப்ரோ என்பவர் தன் சொந்தத் தந்தைமேல் கொலை வழக்குத் தொடுக்க வருகிறார். தந்தையின்மேல் வழக்கா என்று சாக்ரடீஸ் வியக்க, அவர் அசராமல் முன்னுதாரணம் காட்டுகிறார்: ஜீயஸ் தன் தந்தை குரோனஸைக் கட்டிப்போடவில்லையா? அந்தக் குரோனஸ் தன் தந்தையை வெட்டிச் சிதைக்கவில்லையா? கடவுள்கள் செய்ததைத்தானே நான் செய்கிறேன்? அந்தக் கதைகள் ஹெசியட்டின் பாட்டில் இருக்கின்றன. வழக்கு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் நியாயத்தை அவர் எங்கிருந்து எடுத்து வந்தார் என்று பாருங்கள். சிறுவயதில் செவிவழி ஏறிய அடி, பெரியவனானதும் சட்டப் பிரிவாகிவிட்டது.

'குடியரசு' வைக்கும் முதல் குற்றச்சாட்டு இங்கிருந்து தொடங்குகிறது. கடவுள்கள் ஒருவரையொருவர் ஏமாற்றுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், காமத்தில் நிலை தடுமாறுகிறார்கள். இதைக் கேட்டு வளரும் பிள்ளை எதைக் கற்கும்? இந்தக் கேள்வி பிளேட்டோவுக்கே சொந்தமானதில்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் செனஃபனிஸ் என்ற கவிஞர் இதையே கேட்டுவிட்டார். ஒரு கவிஞர் கேட்டார் என்பது கவனிக்கவேண்டியது. பிளேட்டோ அதோடு நிற்கவில்லை. பாதாள உலகத்தின் கொடுமையைச் சொல்லும் இடங்கள் வேண்டாம். கேட்டவன் சாவுக்கு அஞ்சுவான். அகிலிஸ் நண்பனுக்காகப் புழுதியில் புரண்டு அழுவது வேண்டாம். பெரிய வீரனே அழுதால் நாமும் அழலாம் என்று தோன்றும். கடவுள்கள் கூட்டமாகச் சிரித்து உருள்வதும் வேண்டாம். இவற்றுக்கு உள்ளர்த்தம் உண்டு, உருவகமாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்று யாராவது சொன்னால், உள்ளர்த்தம் எது வெளியர்த்தம் எது என்று பிரித்தறியும் வயதா அது என்று சாக்ரடீஸ் திருப்பிக் கேட்கிறார். இந்த அடிகள் கவித்துவம் குறைந்தவை என்று அவர் சொல்லவும் இல்லை. கவித்துவம் கூடக்கூட ஆபத்தும் கூடும் என்கிறார்.

மூன்று குற்றச்சாட்டுகளில் மிகவும் பலவீனமானது இதுதான் என்று எனக்குப் படுகிறது. நல்லவர்கள் நல்லதை மட்டுமே செய்யும் பாடநூல்களை உலகம் நிறையப் பார்த்துவிட்டது. எந்தப் பிள்ளையும் அவற்றைத் தேர்வுக்குப் பிறகு புரட்டியதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு வேறு தளத்தில் நிற்கிறது. கதை எதைச் சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, அதைச் சொல்லும்போது சொல்கிறவனுக்கு என்ன ஆகிறது என்று சாக்ரடீஸ் பார்க்கிறார். இலியட்டின் தொடக்கத்தில் ஒரு பூசாரி தன் மகளை மீட்க வருகிறார். கொஞ்ச தூரம் ஹோமர் தன் குரலில் சொல்கிறார். பிறகு பூசாரியாகவே மாறிப் பேசுகிறார். சாக்ரடீஸ் அந்த இடத்தை எடுத்து, பேச்சையெல்லாம் நீக்கி, யாப்பும் இல்லாமல், நடந்ததை வெறும் செய்தியாகச் சொல்லிக்காட்டுகிறார். வேறுபாடு உடனே தெரிகிறது. செய்தியாகச் சொல்கிறவன் தானாகவே இருக்கிறான். பாத்திரமாகப் பேசுகிறவன் அந்த நேரத்துக்கு இன்னொருவனாகிறான். சின்ன வயதிலிருந்து தொடர்ந்து இன்னொருவனாகிக்கொண்டே இருந்தால் அது குரலிலும் உடம்பிலும் எண்ணத்திலும் பழக்கமாகப் படிந்து இயல்பாகிவிடும் என்கிறார்.

பள்ளி ஆண்டு விழாவில் வீரபாண்டிய கட்டபொம்மன் வசனத்தைப் பேசும் பையனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வரி எங்கே உடைகிறது, வரலாறு அதை ஒப்புமா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஆனால் கழுத்து நிமிர்கிறது, கண் விரிகிறது, எதிரே இல்லாத வெள்ளைக்காரத் துரையிடம் குரல் உயர்கிறது. மேடையை விட்டு இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அவன் நடை மாறித்தான் இருக்கும். கிரேக்கப் பையன் அகிலிஸின் கோபத்தை இப்படியே உடம்பில் ஏற்றிக்கொண்டான், அதுவும் ஆண்டுக்கு ஒருநாள் இல்லை, பள்ளி நாள் முழுவதும். கல்வி என்பது தகவலைக் காட்டிலும் ஒத்திகையால் நடக்கிறது என்பதைப் பிளேட்டோ கண்டுகொண்டார். கவிதைக்கு வக்காலத்து வாங்கிய பலரும் இந்த அளவுக்கு அதன் பலத்தை உணர்ந்து எழுதவில்லை. பிடிக்காதவர் கொடுத்த சான்றிதழ் என்றாலும் சான்றிதழ்தான்.

அவர் நகரத்தில் ஒருவருக்கு ஒரே தொழில். செருப்புத் தைப்பவர் செருப்புத் தைப்பார், காவலர் காப்பார். எல்லாருமாக மாறத் தெரிந்த கலைஞர் அங்கே வந்தால்? வணங்குவோம், தலையில் வாசனைத் தைலம் ஊற்றுவோம், கம்பளி நூல் மாலை சூட்டுவோம், அடுத்த ஊருக்கு அனுப்பிவைப்போம் என்கிறார் சாக்ரடீஸ். நாடு கடத்தல் என்று நாம் சொல்வது இந்த இடத்தைத்தான். இதில் கிண்டலும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. இரண்டும் எந்த விகிதத்தில் என்று படிப்பவர் மனநிலையைப் பொறுத்து மாறும்.

பத்தாம் பகுதியில் வழக்கு மறுபடி திறக்கப்படுகிறது. கட்டிலின் உண்மை வடிவத்தைக் கடவுள் படைத்தார், அதைப் பார்த்துத் தச்சன் ஒரு கட்டில் செய்தான், தச்சன் கட்டிலின் தோற்றத்தை ஓவியன் வரைந்தான், கவிஞனும் ஓவியனைப் போலத்தான் என்ற வாதம் இங்கே வருகிறது. பாடநூல்கள் இதைத்தான் முதன்மையாகச் சொல்லும். எனக்கு இது சுவர்மேல் எறிந்த பந்தாகவே படுகிறது. கவிஞர் தச்சனைப் பார்த்து எழுதுகிறார் என்று யார் சொன்னது? ஆனால் இதே இடத்தில் வரும் இன்னொரு கேள்வி கூர்மையானது. ஸ்பார்ட்டாவுக்கு லைகர்கஸ் சட்டம் தந்தார், ஏதென்ஸுக்குச் சோலன் தந்தார். ஹோமர் எந்த ஊருக்குச் சட்டம் தந்தார்? அவர் தலைமையில் வென்ற போர் எது? கவிஞர்களை எல்லாம் அறிந்தவர்களாகத் தூக்கிவைத்தவர்களுக்கு இது சரியான பதில். கவிதையை ரசிக்கிறவர்களை இது தொடவே இல்லை.

தொடுவது கடைசிக் குற்றச்சாட்டு. இதைத்தான் மிகப் பெரியது என்று சாக்ரடீஸே சொல்கிறார். மகனை இழந்த ஒரு கண்ணியமான மனிதர் ஊரார் முன்னால் தன்னை அடக்கிக்கொள்கிறார். அதே மனிதர் அரங்கத்தில் ஒரு நாயகன் மாரடித்து அழும்போது கூடவே அழுகிறார், அழவைத்த கவிஞரை மெச்சுகிறார். வீட்டில் வெட்கப்பட்டது அரங்கத்தில் இன்பமாகிறது. அடுத்தவர் துயரத்துக்கென்று ஊட்டி வளர்த்த இரக்கம், நமக்குத் துயரம் வரும்போது கட்டுக்குள் நிற்காது என்கிறார். நகைச்சுவைக்கும் இதே கதிதான். நாமே சொல்லக் கூசும் பகடியை நாடகத்தில் கேட்டுக் குலுங்கிச் சிரித்துப் பழகினால், ஒருநாள் வீட்டிலேயே கோமாளியாகிவிடுவோம்.

இன்று வாசிக்கும்போது இது கொஞ்சம் மிகையாகத் தெரியும். அழுதால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பிளேட்டோ வளர்ந்த ஊரை நினைத்துப் பார்க்கவேண்டும். அங்கே சட்டமும் போரும் மரண தண்டனையும் கூட்டத்தின் கைதூக்கலிலும் வாக்கிலும் முடிவாயின. அவர் பிறந்த காலத்தை ஒட்டி, கி.மு. 427இல், மிட்டிலீனி நகரத்து ஆண்கள் அனைவரையும் கொல்ல மன்றம் ஒருநாள் தீர்மானித்தது; மறுநாள் மனம் மாறி, இரண்டாவது கப்பலை விரட்டி அனுப்பித் தடுத்தது. கி.மு. 406இல் அர்கினுசேயில் கடற்போரை வென்று வந்த தளபதிகள்மேல், புயலில் சிக்கிய வீரர்களை மீட்கவில்லை என்று குற்றம் சுமத்தி, ஒரே வாக்கெடுப்பில் எட்டுப் பேருக்கும் தண்டனை விதித்தார்கள். ஊரில் இருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பிறகு ஊரே வருந்தியது. அந்தக் கூட்டத்தில் மறுத்து நின்றவர்களில் சாக்ரடீஸ் ஒருவர். பிளேட்டோவுக்கு அப்போது இருபது வயதுக்குச் சற்று மேல். அரங்கத்தில் அழுத கூட்டமும் மன்றத்தில் வாக்களித்த கூட்டமும் வேறுவேறு கூட்டமில்லை.

கி.மு. 399இல் அந்தக் கூட்டம் சாக்ரடீஸைத் தேடி வந்தது. வழக்குத் தொடுத்த மூவரில் மெலிட்டஸ் கவிஞர்கள் சார்பில் வந்தவர் என்று பிளேட்டோ எழுதுகிறார். சாக்ரடீஸின் வாதத்தில் இன்னொரு இடம் இதைவிட முக்கியமானது. எதிரே நிற்கும் இவர்களைவிட எனக்குப் பயம் பழைய குற்றஞ்சாட்டிகளிடம்தான் என்கிறார். நீங்கள் சிறுவர்களாக இருந்தபோதே உங்கள் காதில் அவர்கள் ஏற்றிவிட்டார்கள். அவர்களில் பெயர் தெரிந்தவர் ஒரு நகைச்சுவைக் கவிஞர் மட்டுமே. கி.மு. 423இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனிஸின் 'மேகங்கள்' சாக்ரடீஸைக் கூடையில் தொங்கும் வாய்ச்சவடால் ஆசாமியாகக் காட்டியிருந்தது. ஊரே சிரித்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அந்தச் சிரிப்பு நடுவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. குழந்தைகளை அழவைத்து அழைத்து வந்து இரக்கம் கேட்கும் வழக்கத்தையும் சாக்ரடீஸ் மறுத்தார்; அதை நாடகம் என்றே சொன்னார். சிறுவயதில் கேட்ட கதை கழுவினாலும் போகாது என்று 'குடியரசு' சொல்லும் இடத்தை இந்தப் பின்னணியோடு படித்தால், அது கோட்பாடாக மட்டும் தோன்றாது.

நோயை இவ்வளவு சரியாகக் கண்டவர் கொடுத்த மருந்துதான் தவறிப்போனது. கடவுளைத் துதிக்கும் பாட்டும் நல்லவர்களைப் புகழும் பாட்டும் மட்டும் இருக்கட்டும், மற்றவை வெளியே போகட்டும் என்றார். எந்த அரசும் மனமுவந்து காசு கொடுத்து வாங்கும் கவிதை அந்த இரண்டு வகைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945இல், கார்ல் பாப்பர் பிளேட்டோவை முற்றதிகார அரசின் மூதாதையாகக் கூண்டில் ஏற்றினார். அதில் காரம் கொஞ்சம் அதிகம். ஆனால் மறு ஆண்டு ஆகஸ்டில் சோவியத் கட்சித் தலைமை போட்ட தீர்மானம், அன்னா அக்மதோவாவின் கவிதைகள் சோர்வும் அவநம்பிக்கையும் நிறைந்தவை என்றும் இளைஞர்களை வளர்த்தெடுக்கும் பணிக்குக் கேடு செய்பவை என்றும் குற்றம் சாட்டியது. எழுத்தாளர் சங்கத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார். 'குடியரசில்' பிளேட்டோ எந்தக் கவிஞரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. இருந்தாலும் கல்விக்குக் கேடு என்ற வாசகம் அதிகாரியின் கைக்குப் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தத் தீர்மானம் ஒன்றே போதும்.

பிளேட்டோ ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருந்தார். கவிஞர்கள் அல்லாத கவிதைப் பிரியர்கள் யாராவது உரைநடையில் வந்து, கவிதை இனிமையானது மட்டுமல்ல, நாட்டுக்கும் வாழ்வுக்கும் பயனுள்ளது என்று நிறுவினால் மகிழ்ச்சியோடு கேட்போம் என்றார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் அந்த அழைப்பை ஏற்றார் என்று சொல்வது வழக்கம். கவிதை நடந்ததைச் சொல்லாமல் நடக்கக்கூடியதைச் சொல்வதால் வரலாற்றைவிடத் தத்துவத்துக்கு நெருக்கமானது என்றார். துன்பியல் அச்சத்தையும் இரக்கத்தையும் தூண்டியே அவற்றைத் தூய்மைப்படுத்துகிறது என்றார். பெரியவர்களின் அரங்கத்தை அவர் காப்பாற்றினார். வகுப்பறைக்கு அதில் விடை இல்லை. தன் அரசியல் நூலில் அவரே, விருந்தில் உட்கார்ந்து குடிக்கும் வயது வரும்வரை இளைஞர்களை நகைச்சுவை நாடகம் பார்க்க விடக்கூடாது என்று எழுதுகிறார். குருவின் பயம் சீடரிடமும் இருந்தது.

வகுப்பறைக்கான விடையை நான் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் தள்ளி, புளூட்டார்க்கிடம்தான் காண்கிறேன். இளைஞர்கள் கவிதையை எப்படிக் கேட்கவேண்டும் என்று அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். பிளேட்டோவைப் பெரிதும் மதித்தவர்; கவிதை பொய் சொல்லும், கெடுக்கும் என்பதையும் ஒப்புக்கொண்டவர். ஆனால் குடிகாரர்கள் பெருகிவிட்டார்கள் என்று திராட்சைக் கொடிகளையெல்லாம் வெட்டிப்போட்ட திராக்கிய அரசனைப் புத்தி பேதலித்தவன் என்கிறார். பக்கத்தில் ஊற்று நீரைக் கொண்டுவந்து கலந்திருக்கவேண்டும். அந்த நீர் எது? பையனுக்குக் கேள்வி கேட்கப் பழக்குவது. இந்த அடியைச் சொல்வது கவிஞரா, பாத்திரமா? எந்த நிலையில் சொல்கிறது? சொன்னவனுக்குப் பின்னால் என்ன ஆயிற்று? இதே கவிஞர் வேறிடத்தில் இதற்கு எதிராகச் சொல்லியிருக்கிறாரா? இக்சியன் என்ற கொடியவனை மேடையேற்றியதற்காக யூரிபிடிஸைத் திட்டியபோது, அவனைச் சக்கரத்தில் கட்டாமல் நான் மேடையைவிட்டு அனுப்பவில்லையே என்று அவர் சொன்னதாக ஒரு கதையையும் புளூட்டார்க் எடுத்துக்காட்டுகிறார். நல்லதென்று பட்டால் மெச்சவும், தவறென்று பட்டால் ஹோமரே ஆனாலும் மறுக்கவும் பையனுக்குத் துணிவு வரவேண்டும் என்பது அவர் கட்சி.

ஏதென்ஸ் பள்ளியில் இல்லாமல்போனது இந்த வகுப்புதான். ஓதத் தெரிந்த பையனுக்கு ஓதியதோடு சண்டை போடத் தெரியாது. அந்தச் சண்டையை எப்படிப் போடுவது என்று முதலில் விரிவாகக் காட்டியவர் பிளேட்டோதான் என்பது வேடிக்கை. 'குடியரசின்' இரண்டாம் மூன்றாம் பகுதிகளைத் திறந்தால், நீக்கவேண்டிய அடிகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, ஏன் ஒப்பமுடியாது என்று வாதிடுகிறார். எந்தப் பிள்ளையின் கண்ணிலும் படக்கூடாது என்று அவர் நினைத்த அடிகள் ஒரே இடத்தில் தொகுத்துக் கிடைப்பது அவர் நூலில்தான். அவர் கட்டிய நகரத்தின் பள்ளியில் அந்த நூலையே வைக்கமுடியாது.

கடைசிப் பக்கங்களில் இது இன்னும் முற்றுகிறது. கவிதையை வெளியேற்றிய அதே பத்தாம் பகுதி ஒரு கதையோடு முடிகிறது. போரில் இறந்து பன்னிரண்டாம் நாள் சிதையில் உயிர்த்தெழுந்த ஏர் என்ற வீரன், ஆன்மாக்கள் அடுத்த பிறவியைத் தேர்ந்தெடுப்பதைக் கண்டு வந்து சொல்கிறான். அயாக்ஸின் ஆன்மா சிங்கத்தைத் தேர்கிறது. தனக்கு வரவேண்டிய கவசம் கைநழுவிய கசப்பில் மனிதப் பிறவியே வேண்டாமாம். அகமெம்னன் கழுகாகிறான். கடைசிச் சீட்டு ஒடிசியஸுக்கு. பட்ட பாடெல்லாம் நினைவிருக்க, அவன் ஆன்மா நெடுநேரம் தேடி, மற்றவர்கள் சீண்டாமல் ஒதுக்கிப்போட்ட ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறது. ஒடிஸி முழுவதும் தெரிந்தவருக்கு அந்தத் தேர்வு சுருக்கென்று தைக்கும். ஹோமரை நீக்கிய நகரத்தில் வளர்ந்த பிள்ளை, 'யார் இந்த ஒடிசியஸ், என்ன பாடு பட்டான்?' என்று கேட்கும். பதில் சொல்ல அந்த ஊர் ஆசிரியருக்கு அனுமதி இல்லை.